சட்டமன்றம் கண்ட ஆசிரியர்: ராவ் பகதூர் எம்.சி. ராஜா

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் சமுதாயத்தின் முன்னோடி ஒருவரின் வாழ்க்கையை இளைஞர் முன் எடுத்து வைப்பது பொருத்தமுடையதாகும். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் பிள்ளைகள் ஓரளவு அறிந்திருக்கின்றனர். அண்ணல் டெல்லி ஆட்சி மன்றத்தில் அமர்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, அந்நகரின் மத்திய சட்டசபையில் நம்மவர் பொருட்டு எழுந்து பேசிய தமிழர் ஒருவரை அந்த அளவிற்கு அறியார். உயர்கல்வி நாடிச் சென்னை செல்லும் நம் மாணவர்க்குச் சைதாப்பேட்டையிலுள்ள எம்.சி. ராஜா விடுதியைத் தெரியும். அப்பெயருக்கு உரியவர் யார், அவர் ஆற்றிய பணி யாது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இளமையும் ஆசிரியப் பணியும்

மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை ராஜா என்பது அன்னாரின் முழுப் பெயர். 1883 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17 ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் எளியதொரு குடும்பத்தில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், வெஸ்லி கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். கல்வி முடித்ததும் அவர் தேர்ந்துகொண்டது ஆசிரியத் தொழில். வகுப்பறையில் கற்பித்ததோடு பள்ளிப் பாடநூல்களும் எழுதினார்.

அந்நாளில் நம் பிள்ளைகள் கல்வி பெறுவதற்கு இருந்த தடைகளுள் பெரியது பணமின்மை என்று இன்றைய இளைஞர் எண்ணக்கூடும். அதனினும் பெரிய தடை வேறொன்று இருந்தது. அரசு விதியின்படி பொதுப் பள்ளியில் எவரும் சேரலாம். ஆனால் பள்ளி இருந்ததோ கோயில் மண்டபத்தில் அல்லது ஊர்த் தெருவின் நடுவில். அத்தெருவில் நம்மவர் கால் வைத்தல் கூடாது. ஆகவே பள்ளி இருந்தும் பள்ளிக்குச் செல்ல வழியில்லை. உரிமை ஏட்டில் இருந்தது. அதனை அடையும் பாதை அடைபட்டிருந்தது. ஆசிரியரான ராஜா இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஏட்டில் உள்ள உரிமைக்குத் தெருவில் வழி திறப்பதே அவருடைய பொதுவாழ்வின் பெரும்பணியாயிற்று.

பெயர் மாற்றமும் பொதுவழி உரிமையும்

1916 ஆம் ஆண்டில் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920 இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் நம் சமுதாயத்தின் சார்பில் இடம் பெற்றார். 1922 ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மன்றத்தில் அவர் தீர்மானம் ஒன்றைக் கொணர்ந்தார். பஞ்சமர், பறையர் என்று அரசுப் பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்த பெயர்களை நீக்கி, தமிழ்ப் பகுதிகளில் ஆதி திராவிடர் என்றும் தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றது. அதே ஆண்டு மார்ச்சில் அரசாணையும் வெளிவந்தது. இன்று நம் பிள்ளைகள் சாதிச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் காணும் ஆதி திராவிடர் என்னும் சொல் அரசு ஆவணங்களில் நிலைபெற்றது இவ்வாறுதான். பிறர் இட்ட பெயரைச் சுமந்த மக்கள், தாம் விரும்பிய பெயரால் அழைக்கப்படும் உரிமையைச் சட்டமன்றத்தின் வழியே பெற்றனர். அவ்வாண்டில் ராவ் பகதூர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

அவருக்கு மூத்த தலைவரான இரட்டைமலை சீனிவாசன் 1924 இல் அதே மன்றத்தில் மற்றொரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றை எல்லா மக்களும் பயன்படுத்தலாம் என்னும் அரசாணைக்கு அது வழிவகுத்தது. ஒருவர் பெயரை மீட்டார். மற்றவர் வழியை மீட்டார். இருவரும் கருத்தால் வேறுபட்ட வேளைகளும் உண்டு. எனினும் இருவர் உழைப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்தது.

ராஜா முதலில் நீதிக் கட்சியோடு இணைந்து பணியாற்றினார். 1921 ஆம் ஆண்டு பக்கிங்காம்-கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் தொழிலாளர் குடிசைகள் தீக்கிரையாயின. அவ்வேளையில் கட்சித் தலைவர்களுள் சிலர் ஆதி திராவிடர் மீதே பழி கூறினர். அரசுப் பணிகளில் பிராமணரல்லாதார்க்கு இடம் ஒதுக்கப்பட்டபோதும் நம்மவர்க்கு உரிய பங்கு தனியே வகுக்கப்படவில்லை. முறையிட்டுப் பார்த்தார், பயனில்லை. 1923 இல் அக்கட்சியை விட்டு வெளியேறினார். பதவியும் செல்வாக்கும் தரும் கட்சியைத் தம் மக்களுக்காகத் துறப்பது எல்லார்க்கும் இயல்வதன்று. 1925 இல் நம் மக்களின் துயரை உலகறியச் செய்யும் பொருட்டு, ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார்.

டெல்லி மத்திய சட்டசபையில்

1926 ஆம் ஆண்டு நாகபுரியில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பார் சங்கம் உருவானபோது அதன் தலைமை ராஜாவை நாடி வந்தது. 1927 முதல் 1937 வரை மத்திய சட்டசபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் நியமன உறுப்பினராக அவர் இருந்தார். நம் மக்களின் பொருட்டு அவ்வவையில் இடம் பெற்ற முதல் உறுப்பினர் அவரே. வாக்களித்த தொகுதி என ஒன்று அவருக்கு இல்லை. நாடு முழுதும் சேரிகளில் வாழ்ந்த மக்களே அவருடைய தொகுதியினர். சைமன் குழுவோடு சேர்ந்து பணியாற்றச் சர் சங்கரன் நாயர் தலைமையில் அமைந்த இந்திய மத்தியக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

இனி, அவர் வாழ்வில் மிகுதியும் விவாதிக்கப்படும் பகுதிக்கு வருவோம். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர், ராஜாவுக்கு அழைப்பில்லை. அண்ணல் தனி வாக்காளர் தொகுதி கோரினார். ராஜாவோ 1932 இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீடு போதும் என்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியை வழங்கியது. காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அண்ணல், சீனிவாசன், ராஜா மூவரும் அதில் கையொப்பமிட்டனர். மாகாண மன்றங்களில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆக உயர்ந்தன. ஆனால் தனி வாக்குரிமை கைவிட்டுப் போயிற்று.

ராஜாவின் நிலைப்பாடு அண்ணலின் கரத்தைத் தளர்த்தியது என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. எனினும் அவர் அந்நிலையை எடுத்ததன் காரணத்தையும் அறிதல் வேண்டும். சிதறி வாழும் சிறுபான்மையினராகிய நம் மக்கள், ஊராரோடு ஒரே வாக்குச்சாவடியில் நின்றால்தான் ஊர்ப் பொதுவில் பங்கு பெற இயலும் என அவர் நம்பினார். பெரும்பான்மையினரின் நல்லெண்ணம் சொல்லளவில் நில்லாது செயலாகும் என்றும் நம்பினார். அந்நம்பிக்கை பின்வந்த ஆண்டுகளில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

கோயில் வாயிலில் நின்ற சட்டம்

1933 மார்ச்சில் சி.எஸ். ரங்கய்யர் மத்திய சட்டசபையில் கோயில் நுழைவு மசோதாவைக் கொணர்ந்தார். ராஜா அதன் ஆதரவாளர் வரிசையில் நின்றார். ராஜாஜியும் டெல்லிக்கு வந்து உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டினார். ஆனால் தேர்தல் நெருங்கியதும் ஆதரவு கரைந்தது. 1934 ஆகஸ்டில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது.

1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். பின்னர்ச் சென்னைச் சட்டப்பேரவையில் உறுப்பினராக இருந்து, 1938 இல் இரண்டு மசோதாக்களுக்காக உழைத்தார். முதலாவது, சமூகக் குறைபாடுகளை நீக்கும் மசோதா. பொதுக் கிணறு, குளம், பாதை, ஊர்தி, பொது நிறுவனங்கள் ஆகியவற்றில் நம்மவரைத் தடுத்தல் குற்றம் என அது கூறியது. அது நிறைவேறி 1938 ஆம் ஆண்டின் 21 ஆம் சட்டமாயிற்று. 1924 ஆம் ஆண்டு ஆணையாக இருந்தது, இப்போது மீறினால் தண்டனை தரும் சட்டமாக வலுப்பெற்றது.

இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா. மாகாணம் முழுமைக்கும் அது பொருந்த வேண்டும் என ராஜா விரும்பினார். டெல்லியில் ஆதரவு திரட்டிய அதே ராஜாஜி, இப்போது முதலமைச்சராக இருந்து அதனை எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் முதலில் சட்டம் செய்வோம் என்பது அவருடைய வாதம். ராஜா காந்தியடிகளுக்கு மடல் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்பும்படியே மறுமொழி வந்தது. மசோதா தோற்றது. ஆறாண்டுகளுக்கு முன் எந்த நல்லெண்ணத்தை நம்பிக் கையொப்பமிட்டாரோ, அந்நல்லெண்ணம் கோயில் வாயிலில் தயங்கி நிற்பதை அவர் கண்ணாரக் கண்டார். தம் பழைய கருத்தையே பிடித்துக்கொண்டிராமல் அண்ணலை நோக்கி நகர்ந்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவை இருவரும் சேர்ந்தே சந்தித்தனர். 1943 ஆகஸ்டில் ராஜா மறைந்தார்.

நம் மாவட்டமும் நம் கடமையும்

அவர் கேட்ட சட்டம் அவர் மறைந்த பின் வந்தது. 1947 ஆம் ஆண்டுச் சென்னைக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் மாகாணக் கோயில்களின் கதவுகளை நம்மவர்க்குத் திறந்தது. 1950 இல் அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டமும் 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குக் காவலாயின. 217 அடி உயர்ந்து நிற்கும் நம் அண்ணாமலையார் கோயில் இராசகோபுரத்தின் கீழ் இன்று எவரும் தடையின்றி நடந்து செல்கின்றனர்.

ஆயினும் கோபுர நகரிலிருந்து தொலைவில் இல்லாத தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறைக்குட்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் சென்றது 2023 ஜனவரி 30 ஆம் நாள்தான். மாவட்ட ஆட்சியரும் காவல் துறையினரும் உடனிருக்க, பொங்கற் பானையும் மாலையும் ஏந்தி அவர்கள் உள்ளே சென்றனர். ராஜாவின் மசோதா தோற்று 85 ஆண்டுகள், சட்டம் வந்து 76 ஆண்டுகள் கழிந்த பின் நிகழ்ந்தது இது. அத்துணை ஆண்டுகளும் சட்டம் புத்தகத்தில் இருந்தது. அம்மக்கள் எழுந்து கேட்ட பின்னரே அது ஊருக்குள் வந்தது.

இளைஞர்களே! ராஜாவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே. சட்டமன்ற உறுப்பினரின் பணி உரிமையை எழுதச் செய்வது. அதனை நடந்து பார்ப்பது மக்களின் பணி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயனற்றுப் போகும். நம் மாவட்டத்தில் செங்கமும் வந்தவாசியும் தனித் தொகுதிகள். அவை 1932 ஆம் ஆண்டுப் போராட்டத்தின் வழிவந்தவை. அங்கிருந்து செல்லும் உறுப்பினர் நம் விடுதிக்கும், வீட்டுமனைக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும் என்ன கேட்டார் என வினவும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவ்வினாவை எழுப்பச் சட்டம் தெரிந்திருத்தல் வேண்டும். மனு எழுதத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆணை எண்ணைக் குறிப்பிட்டுப் பேசத் தெரிந்திருத்தல் வேண்டும். ராஜா வாழ்நாள் முழுதும் செய்தது அதனைத்தான்.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகின்றது. அவ்வெழுத்தைத் தேர்வுத் தாளோடு நிறுத்திவிடாமல், கிராமசபைக் கூட்டத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும், தேவைப்படின் சட்டமன்றத்திலும் பயன்படுத்தும் ஒரு தலைமுறை எழுமாயின், ராவ் பகதூர் எம்.சி. ராஜா தொடங்கி வைத்த பாடம் நிறைவுறும்.