வாசற்படியான நாமதேவர்

போசரியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஆளந்தி பக்கத்து ஊர். விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று ஞானேசுவரர் சமாதியைத் தரிசித்து வருவோர் பலர். 1296-ல் ஞானேசுவரர் அங்கே சமாதியடைந்தபோது உடனிருந்தவர் நாமதேவர். நம் ஊர்ப் பஜனை மடங்களிலும் பெயர் விளங்கும் இந்த மகான், ஒரு காலத்தில் கர்வத்தால் சறுக்கியவர்.

1270-ல் தையற்காரர் குடும்பத்தில் பிறந்தவர் நாமதேவர். சிறுவயதில் அவர் அழுது வேண்டியதும், பண்டரிபுரத்து விட்டலனே நைவேத்தியத்தை உண்டான் என்பது பக்தர்கள் கூறும் வரலாறு. வினை அங்கேதான் முளைவிட்டது. இறைவன் தம் கையால் உண்கிறான் என்ற பெருமிதம், நாளடைவில் இறைவன் தமக்கே உரியவன் என்ற எண்ணமாயிற்று. பூசை குறையவில்லை, பஜனையும் குறையவில்லை. ஆனால் ஞானேசுவரரும் அவர் உடன்பிறந்தாரும் எதிரில் வந்து வணங்கியபோது, பதிலுக்கு நாமதேவரின் தலை தாழவில்லை.

ஞானேசுவரரின் தங்கை முக்தாபாய், நாமதேவரைவிட ஒன்பது வயது இளையவள். அவள் இதைக் கவனித்தாள். அடியார்கள் கூடியிருந்த இடத்தில், வெந்த பானை எது, வேகாத பானை எது என்று பார்த்துச் சொல்லும்படி கோரா கும்பாரைக் கேட்டாள். குயவரான அவர், பானை தட்டும் மரப்பலகையால் ஒவ்வொருவர் தலையிலும் தட்டிப் பார்த்தார். மற்றவர்கள் பேசாமல் இருந்தனர். நாமதேவர் மட்டும் சினந்தார். வேகாத பானை அவர்தான் என்று குயவர் தீர்ப்புச் சொன்னார்.

அழுதுகொண்டு விட்டலனிடம் ஓடினார் நாமதேவர். குருவைத் தேடும்படி உத்தரவாயிற்று. ஔண்டா நாகநாதத்தில் விசோபா கேசர், சிவலிங்கத்தின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தார். நாமதேவர் கண்டித்தார். இறைவன் இல்லாத இடமாகப் பார்த்துக் காலை எடுத்து வைக்கும்படி கூறினார் பெரியவர். வைத்த இடமெல்லாம் லிங்கம் தோன்றியதாம். தமக்கு மட்டுமே சொந்தம் என்று எண்ணிய இறைவன் எங்கும் இருப்பதை அன்று உணர்ந்தார்.

அதன்பின் வாழ்க்கை வேறாயிற்று. பஞ்சாப் வரை யாத்திரை சென்றார். அவருடைய 61 பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிபில் இடம் பெற்றுள்ளன. தாழ்ந்த சாதி என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சோகாமேளா 1338-ல் மங்கள்வேடாவில் சுவர் இடிந்து இறந்தார். அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்து வந்து, விட்டலன் கோயில் வாசல் எதிரிலேயே சமாதி அமைத்தவர் நாமதேவர்தான்.

1350-ல் தாமும் மறைந்தபோது, கருவறை அருகில் இடம் வேண்டவில்லை. அடியார்களின் பாததூளி தம்மேல் பட வேண்டும் என்று வாசற்படியையே வேண்டினார். பண்டரிபுரத்தில் இன்றும் அது நாமதேவர் படி. அதைத் தொட்டு வணங்கிய பிறகே பக்தர்கள் உள்ளே செல்கிறார்கள். பக்தியை விழுங்க வந்த கர்வம், கடைசியில் அந்தப் படிக்கட்டில் அடங்கிற்று.