மூவண்ணப் புடவையும் மூன்று பவுண்டு வரியும்

தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவர் அல்லர், வளர்ந்தவரும் அல்லர். 1898 பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், முனுசாமி முதலியார் என்னும் சிறு வணிகரின் மகளாகப் பிறந்தார். தரங்கம்பாடிக்கு அருகே, காவிரியின் கடைமடையில் உள்ள தில்லையாடி அக்குடும்பத்தின் பூர்விக ஊர். ஆக, அவர் புலம்பெயர்ந்தோரின் மகள். நம் மேடைகளில் பெரிதும் மங்கிப்போகும் செய்தி இதுதான்.

மேடை விரும்புவது வேறொரு காட்சியை. கொடியே இல்லாத நாடு என்று ஏளனம் செய்த அதிகாரியின் முன் வள்ளியம்மை தம் மூவண்ணப் புடவையைக் கிழித்துக் கொடியாக நீட்டுவார்; அரங்கம் கைதட்டும். காவி, வெள்ளை, பச்சைக் கொடியைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது 1931-இல். வள்ளியம்மை சிறை சென்றதோ 1913-இல். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றிக் காந்தி எழுதிய நூலில் வள்ளியம்மைக்குத் தனி இடம் உண்டு; இந்தப் புடவை அங்கே இல்லை.

போராட்டம் கொடிக்காக நடக்கவில்லை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்; பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் தங்க விரும்பினால், 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. பொருளியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கைக் கடந்து செல்ல மனம் வராது. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் 14. மூன்று பவுண்டு என்பது 60 ஷில்லிங், அதாவது நான்கு மாதக் கூலிக்கும் மேல். பின்னர் இவ்வரி 16 வயது நிரம்பிய மகன்கள்மீதும் 13 வயது நிரம்பிய மகள்கள்மீதும் விதிக்கப்பட்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 12 பவுண்டு. அதைக் கட்ட வழியில்லாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான். சட்டத்தின் நோக்கமும் அதுவே: அவனுடைய உழைப்பு வேண்டும், அவன் குடியேறக் கூடாது.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று, கிறித்தவ முறைப்படியோ பதிவு செய்தோ நடவாத திருமணங்களைச் சட்டத்தின் முன் செல்லாதவை ஆக்கியது. பெண்கள் போராட்டத்துக்கு வந்தது அதன் பிறகு. டிரான்ஸ்வால் பெண்கள், பெரும்பாலும் தமிழர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினார்கள். வள்ளியம்மை தம் தாயாருடன் இப்போராட்டத்தில் இணைந்தார். ஒப்பந்தக் கூலிகளுக்குரிய அந்த வரி அவர் குடும்பத்தின் தலையில் விழுந்ததன்று. தம்மினும் எளியவர்களுக்காக அவர் நின்றார். டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று, தம் 16-ஆம் பிறந்தநாளில், காலமானார். அவ்வாண்டே வரி நீங்கியது. இந்தியத் திருமணங்கள் செல்லுபடியாயின.

1915-இல் காந்தி தில்லையாடிக்கு வந்தார். இன்று அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-இல் அஞ்சல்தலையும் வெளியாயிற்று. விடுதலைப் போராட்டத் தியாகி என்னும் பட்டம் அவருக்குத் தகும். ஆனால் அப்பட்டத்தால் அவர் ஊர் திரும்பிய மகளாகி விடுகிறார். அயல்நாட்டில் குடியிருக்கும் உரிமை கேட்டவர் என்பது மறைந்துவிடுகிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளாகக் காவிரிப் படுகை வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள். தமிழ்த் திரையில் வடமாநிலத் தொழிலாளி பெரும்பாலும் கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பூட்டுபவன், அல்லது கொள்ளைக்காரன். பாஸ்கர் சக்தி இயக்கிய ‘ரயில்’ (2024) போன்ற விலக்குகள் குறைவு. அப்படமும் முதலில் ‘வடக்கன்’ என்றே பெயரிடப்பட்டு, தணிக்கையில் எதிர்ப்பு வந்தபின் பெயர் மாறியது. நேட்டாலில் கரும்பு வெட்டிய நம்மவர்களுக்கும் இப்படியொரு பெயர் இருந்தது. ‘கூலி’ என்னும் நம் தமிழ்ச் சொல்லை வெள்ளையர் அங்கே வசையாக்கியிருந்தார்கள். கூலி வேலையே செய்யாத வள்ளியம்மையின் தகப்பனாரையும் அது விட்டுவைத்திராது.