சவுக்கும் சேனைக் காகிதமும்: லெனாட் வூல்ப் கண்ட ஒழுங்கின் சரிவு

ஒரு சமூகத்தின் ஒழுங்கு முழுவதும் ஒரு சிறு பொருளில் குடிகொண்டிருப்பதைப் புனைகதைகள் பல காட்டியுள்ளன. 1954 இல் வெளியான வில்லியம் கோல்டிங்கின் புகழ்பெற்ற நாவலில், ஆளில்லாத் தீவில் சிக்கிய சிறுவர்களுக்குச் சங்கொன்றே சட்டம். அதைக் கையில் ஏந்தியவனே பேசலாம். சங்கு நொறுங்கும்போது ஒழுங்கும் நொறுங்குகின்றது. இதற்கு நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்பே, நமது நாட்டுக் கிராமமொன்றைப் பற்றி எழுதப்பட்ட நாவல் இதனினும் கசப்பான உண்மையைக் கூறிவிட்டது. அதில் ஒழுங்கின் சின்னமாக நின்ற பொருள் உடையவில்லை; மனிதர்களே உடைந்தனர். அந்நாவலை எழுதிய லெனாட் வூல்பின் வாழ்வைத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

1880 இல் இலண்டனில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த வூல்ப், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கேம்பிரிட்ஜில் கற்றுத் தேறி, 1904 இன் இறுதியில் இலங்கைச் சிவில் சேவை அதிகாரியாகக் கொழும்பில் வந்திறங்கினார். முதல் நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிடைத்தது. அங்கே அவர் மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. குதிரையில் சென்றபோது தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என ஆளுநரிடம் முறையிடப்பட்டது. வீதியை ஆக்கிரமித்திருந்த விறாந்தையொன்றைச் சுட்டிக்காட்டவே சவுக்கை நீட்டியதாக அவர் விளக்கமளித்தார். ஆயினும், தாம் அடிக்கக்கூடியவரே என்று மக்கள் நம்பியமை அவரை உலுக்கியது. அவர் கண்ணுக்கு அது வெறும் சுட்டுகோல். மக்கள் கண்ணுக்கோ அதுவே ஆட்சி. தாம் ஏந்திய பொருளை எதிர்ப்புறமிருந்து பார்க்க அவர் கற்ற முதற் பாடம் இது எனலாம்.

1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அவர் பணியாற்றினார். வெறுமையான கடற்கரையில் ஒரு நகரம் முளைத்தது. தமிழர், முஸ்லிம்கள், அரபு நாட்டுச் சுழியோடிகள் எனப் பல்லாயிரவர் கூடிய அவ்விடத்தைச் சில அதிகாரிகளே நிர்வகித்தனர். ஒழுங்கு எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதை அங்கே அவர் கண்டிருப்பார்.

கண்டியில் ஓராண்டு பணியாற்றிய பின், 1908 இல் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். களுபோவிலையில் வாழும் நமக்கு அது காலி வீதியைப் பிடித்துத் தெற்கே சென்றால் எட்டும் ஊர். அன்று அதன் பெரும்பகுதி வரண்ட காடு. உப்புச் சேகரிப்பையும் சேனை அனுமதியையும் அவர் கண்டிப்புடன் நடத்தினார். மாடுகளுக்குக் கொள்ளைநோய் பரவியபோது துவக்கெடுத்து அவற்றைச் சுடவும் நேர்ந்தது. நன்மைக்கெனச் செய்ததே ஏழை விவசாயிகளிடம் வெறுப்பைத் தேடித் தந்தது.

1911 இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் மறு ஆண்டு பதவி துறந்து, வேர்ஜீனியாவை மணந்தார். 1913 இல் வெளிவந்தது அவரது 'காட்டினுள் ஒரு கிராமம்' என்னும் நாவல்.

பெத்தகம என்னும் அக்கற்பனைக் கிராமத்தில் சேனை அனுமதிப் பத்திரமே உயிர். அது கிடைத்தால் சோறு, மறுக்கப்பட்டால் பட்டினி. கச்சேரி வழங்கும் அக்காகிதம் ஊர்த் தலைவனின் வாய்ச்சொல்லைக் கடந்தே ஏழையின் கைக்கு வரும். வேடன் சிலிந்துவின் மகளான புஞ்சி மெனிக்கா மீது கடன்காரன் பெர்ணாந்து ஆசை கொள்ள, ஊர்த் தலைவன் அவனுக்குத் துணை நிற்கின்றான். சேனை மறுக்கப்படுகின்றது. பொய்த் திருட்டு வழக்கில் அவளது கணவன் பபுன் சிறை செல்கின்றான். நீதவான் நேர்மையானவர், ஆனால் அவர் முன் வந்த சாட்சியமோ பொய். இறுதியில் சிலிந்து தன் பழைய வேட்டைத் துவக்கால் இருவரையும் சுட்டுக் கொல்கின்றான். கிராமம் அழிந்து, காடு அதை மூடிக்கொள்கின்றது.

சட்டம் எங்கும் மீறப்படவில்லை என்பதே இந்நாவலின் கொடூரம். பத்திரம், சாட்சி, தீர்ப்பு யாவும் முறைப்படியே இருந்தன. காகிதம் கிழியாமலே ஒழுங்கு செத்துவிட்டது.

இவ்வுண்மையை வூல்ப் நூலோடு விட்டுவிடவில்லை. 1915 இல் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தை அடுத்து, இராணுவச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட தண்டனைகள் குறித்து விசாரணை கோரி இலண்டன் சென்ற இலங்கையருக்குத் துணை நின்றார். 1938 இல் பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு வரைந்த குறிப்பில், சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகச் சுவிற்சர்லாந்தை ஒத்த சமஷ்டி முறையையும் பரிசீலிக்குமாறு கூறினார். 1960 இல் மீண்டும் இலங்கை வந்து சென்ற அவர், 1969 இல் தமது 88 ஆவது வயதில் மறைந்தார்.

அவர் பணியாற்றிய மரிச்சுக்கட்டியை இன்று எண்ணிப் பார்ப்போம். 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள், 2009 இல் போர் முடிந்தபின் அங்கு மீளத் திரும்பலாயினர். அவர்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றைகள் காடெனக் கணிக்கப்பட்டன. 2012 இலும் 2017 இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதி நிலங்களை வன ஒதுக்கங்களாக்கின. காட்டைக் காப்பது அவசியமே. ஆயினும் அகதி முகாமில் இருந்தவனிடம் கேளாமல் எழுதப்பட்ட காகிதம், சேனைக்காரனுக்கு மறுக்கப்பட்ட பத்திரத்தையே நினைவூட்டுகின்றது.

சங்கு உடைந்தால் ஓசை கேட்கும்; எல்லோரும் திரும்பிப் பார்ப்பர். காகிதம் ஓசையின்றியே அழிக்கும். ஆள்வோர் நீட்டும் ஒவ்வொரு காகிதத்தையும் அதைப் பெறுபவனின் பக்கமிருந்து படிக்கக் கற்பதே வூல்பின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.