ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முனைவோரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி பெறாத இவர், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மீண்டும் பூட்டியதன் மூலம் எந்திர அறிவைப் பெற்றார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் வாழ்க்கையைத் தொடங்கினார். மின்னோடி, வானொலி, சவரக் கருவி எனப் பல பொருட்களை உருவாக்கினார்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாததால் தொடக்கக் கல்வியுடன் அது நின்றுபோனது. எனினும் தாமாகவே நூல்களைப் படிக்கும் பழக்கம் அவரிடம் வாழ்நாள் முழுவதும் இருந்தது.

மோட்டார் சைக்கிள்

ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்வதை இளைஞரான நாயுடு கண்டார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ் என்னும் வண்டி அது. மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அவ்வண்டி அவரைப் பெரிதும் ஈர்த்தது. அதனை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்தார். அவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த 400 ரூபாயைக் கொண்டு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டியதோடு அவர் நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். இதுவே அவருடைய பொறியியல் கல்வியின் தொடக்கம் எனலாம்.

அக்கால எந்திரங்களும் எண்ணெயும்

நாயுடு பிரித்துப் பார்த்த காலத்து மோட்டார் சைக்கிள்கள் இன்றைய வண்டிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் எந்திர எண்ணெய் சுற்றி வந்து மீண்டும் பயன்படுவதில்லை. ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்தி எண்ணெயை எந்திரத்துக்குள் செலுத்துவார். சுழலும் சக்கரங்கள் அதனை உள்ளே வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி எரிந்து புகையாகும். மற்றொரு பகுதி இணைப்புகளின் வழியே கசிந்து சாலையில் சொட்டும். எண்ணெய் குறைந்தால் உந்துதண்டு இறுகிவிடும். மிகுந்தால் தீப்பொறிக் கட்டையில் கரி படியும். ஆகவே அளவறிந்து எண்ணெய் விடுவதே ஓட்டுபவரின் முதல் திறமையாக இருந்தது.

எண்ணெய் மீண்டும் மீண்டும் சுற்றி வரும் முறை 1920-களின் பிற்பகுதியில் மோட்டார் சைக்கிள்களில் பரவலாயிற்று. அதன் பின்னர், அழுக்கேறிய எண்ணெயைக் குறித்த காலத்தில் வடித்துவிட்டுப் புதியது ஊற்றுவது ஒரு வழக்கமான வேலையாயிற்று. இதற்காக எந்திரத்தின் அடிப்பகுதியில் ஒரு திருகு இருக்கும். பட்டறைகளில் இது ‘ட்ரெயின் போல்ட்’ எனப்படும். இதன் தலைக்கும் எந்திர உறைக்கும் இடையே செம்பு, அலுமினியம் அல்லது நார்ப் பொருளால் ஆன வாசர் வைக்கப்படும். போல்ட்டை முடுக்கும்போது மென்மையான வாசர் நசுங்கி, நுண்ணிய மேடு பள்ளங்களை அடைத்துக் கசிவைத் தடுக்கிறது. ஒருமுறை நசுங்கிய வாசர் மறுமுறை அவ்வாறு பொருந்தாது என்பதால், எண்ணெய் மாற்றும்போது புதிய வாசர் இடுவது நல்லது. எந்திர உறை அலுமினியத்தால் ஆனது. போல்ட் எஃகால் ஆனது. எனவே கசிவை நிறுத்த அளவுக்கு மீறி முடுக்கினால் உறையிலுள்ள மரைகள்தாம் முதலில் அழியும். எந்திரம் சற்றுச் சூடாக இருக்கும்போது வடித்தால், எண்ணெய் இளகி அடியில் தங்கிய துகள்களையும் அடித்துக்கொண்டு வெளியேறும்.

சுழலும் தண்டுகளின் வழியே எண்ணெய் கசிவதைத் தடுப்பது இதைவிடக் கடினமான செயல். தொடக்கத்தில் தோல், கம்பளி ஆகியவற்றால் ஆன வளையங்களே இதற்குப் பயன்பட்டன. இன்று ‘ஆயில் சீல்’ எனப்படும் இரப்பர் உதடு கொண்ட வளையங்கள் 1930-களிலிருந்து படிப்படியாகப் பரவின. இத்தகைய வசதிகள் வருவதற்கு முன்பே எந்திரத்தைப் பிரித்துக் கசிவின்றிப் பூட்டுவதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

பொள்ளாச்சி – பழனி பேருந்து

முதல் உலகப்போர்க் காலத்தில் நாயுடு பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஆங்கிலேயரான இராபர்ட் ஸ்டேன்சு அவருடைய எந்திர ஆர்வத்தை அறிந்து உதவினார். அவ்வுதவியுடன் 1920 இல் ஒரு பேருந்தை வாங்கிய நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதனை ஓட்டினார்.

இத்தடத்தைத் தேர்ந்தது பொருத்தமானதாகவே அமைந்தது. போத்தனூரிலிருந்து வந்த தொடர்வண்டிப் பாதை 1915 இல் பொள்ளாச்சியை எட்டியிருந்தது. அங்கிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மேற்கிலிருந்து முருகன் கோயிலுக்கு வந்தோர் பொள்ளாச்சிக்குப் பின் சாலை வழியே செல்ல வேண்டியிருந்தது. பழனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985 இல் புதிய மாவட்டம் உருவானது முதல் அது திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது.

உடுமலைப்பேட்டை வழியே செல்லும் இத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 40 மைல். நாளொன்றுக்கு ஒருமுறை சென்று திரும்பும் பேருந்து 80 மைல் ஓடும். அக்கால எண்ணெய்களில் இன்றைய சேர்மங்கள் இல்லை. காற்று வடிகட்டிகளும் பல வண்டிகளில் இல்லை. சாலையின் புழுதி எந்திரத்துக்குள் எளிதில் புகுந்தது. அதனால் ஏறத்தாழ 500 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது அக்காலத்துப் பொது நடைமுறையாக இருந்தது. அதாவது, இத்தகைய தடத்தில் வாரம் தவறாமல் அடியிலுள்ள திருகைக் கழற்ற வேண்டும். அதனைத் தவறவிட்ட வண்டி வழியில் நிற்கும். வண்டி நின்றால் அன்றைய வருவாயும் நிற்கும். ஒரே ஒரு பேருந்தை வைத்திருந்தவருக்கு, அதனைத் தாமே பழுது நீக்கத் தெரிந்திருந்தது பெரும் பலமாயிற்று.

சில ஆண்டுகளில் இத்தொழில் வளர்ந்தது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு. எம். எஸ்.) என்ற பெயரில் அவர் நடத்திய நிறுவனம், நாட்டின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது.

கண்டுபிடிப்புகளும் தொழில்களும்

பேருந்துத் தொழிலில் ஈட்டிய வருவாயை நாயுடு உற்பத்தித் துறையில் செலுத்தினார். அவற்றுள் சில:

* பீளமேட்டில் நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் மூலம், தி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937 இல் உருவாக்கிய மின்னோடி. இது இந்தியாவில் உருவான முதல் மின்னோடியாகக் கருதப்படுகிறது.
* உலர் மின்கலத்தால் இயங்கும் ‘ரேசன்ட்’ என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகுகள்.
* மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம்.
* 1941 இல் 70 ரூபாய் விலையில் அறிவித்த ஐந்து வால்வு வானொலி.
* 1952 இல் 2,000 ரூபாய் விலையில் உருவாக்கிய இருவர் அமரும் பெட்ரோல் கார்.

இவற்றுள் கார் உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. எனவே அது சந்தைக்கு வராமலேயே நின்றது. அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தும் காட்டினார். எந்த எந்திரத்தையும் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்தவருக்கு, உரிம முறையை மாற்றும் வழி இருக்கவில்லை. குறைந்த விலையில் உள்நாட்டுக் கார் என்னும் அவருடைய முயற்சி இவ்வாறு கைகூடாமல் போனது.

வேளாண்மையிலும் ஆர்வம் கொண்டு பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். அறிவியலாளர் ச. வெ. இராமன் இவருடைய பணிகளைப் பாராட்டினார்.

கல்விப் பணி

நாயுடு 1944 இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் நன்கொடைகள் அறிவித்தார். அவருடைய உதவியால் 1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் முதல் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். பொறியியல் படிப்பு நான்கு ஆண்டுகள் நீள்வது வீண் என்பதும், குறுகிய காலத்தில் செய்முறை வழியாகவே கற்பிக்கலாம் என்பதும் அவர் கருத்து. அரசு இதனை ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரி பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

மறைவும் நினைவும்

நாயுடு சனவரி 4, 1974 அன்று தமது எண்பதாம் வயதில் காலமானார். 1967 இல் அவர் நிறுவிய தொழிற் கண்காட்சியும், 2015 இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகமும் கோயம்புத்தூரில் உள்ளன. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்பட்டு, அக்டோபர் 9, 2025 அன்று திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.