தந்தையின் விருப்பத்துக்காக மைதானத்தைத் துறந்த கால்பந்து கேப்டன்: டாக்டர் தலிமெரன் ஆவோவின் வாழ்க்கை

கொஹிமா: சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்கு முதன்முதலாகத் தலைமை தாங்கியவரும், 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவருமான டாக்டர் தலிமெரன் ஆவோ, புகழின் உச்சியில் இருந்தபோது மைதானத்தை விட்டு மருத்துவமனைக்குத் திரும்பியவர் ஆவார்.

அன்றைய அசாமைச் சேர்ந்த நாகா மலை மாவட்டத்தின் சாங்கி கிராமத்தில் 1918 ஜனவரி 28 அன்று அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர், குடும்பம் பெரியது. இம்பூர் மிஷன் வளாகத்தில் கந்தல் துணியைப் பந்தாகச் சுருட்டி உதைத்தே அவர் கால்பந்து பழகினார்.

1935-ல் தந்தை காலமானார். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவரது கடைசி விருப்பமாக இருந்தது. அப்போது 17 வயதே நிரம்பியிருந்த தலிமெரனின் பிற்கால முடிவுகள் அனைத்தையும் அந்த விருப்பமே தீர்மானித்தது.

கல்லூரியிலிருந்து மோகன் பகானுக்கு

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் பயின்றபோது அவரது ஆட்டத்திறன் வெளிப்பட்டது. அந்நகரின் மகாராணா கழகத்துக்காகவும் அவர் விளையாடினார். பின்னர் 1942-ல் கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என அழைக்கப்படுவது அதுவே.

மறு ஆண்டே மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நடுக்களத்தில் நின்று எதிரணியின் தாக்குதலைத் தடுப்பது அவரது பணி. அவர் விளையாடிய காலத்தில் அக்கழகம் 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தா லீக் பட்டத்தையும், 1947-ல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றது. அணியின் கேப்டனாகவும் அவர் உயர்ந்தார். வகுப்பறை, நோயாளிகளின் வார்டு, மைதானம் என மூன்றிலும் அவரது நாட்கள் கழிந்தன.

லண்டனில் ஒரு மாலை

1948-ல் இந்திய அணியின் தலைமைப் பொறுப்பு 30 வயதான அந்த மருத்துவ மாணவரிடம் அளிக்கப்பட்டது. ஜூலை 31 அன்று லண்டனையொட்டிய இல்ஃபோர்டில் பிரான்ஸ் அணியை இந்தியா எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். பிரான்ஸ் முன்னிலை பெற்ற பின் சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். ஆனால் இரண்டு பெனால்டி வாய்ப்புகளை இந்தியா தவறவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோலால் 1-2 என்ற கணக்கில் தோல்வி நேர்ந்தது. தோற்றபோதிலும், வெறுங்கால் வீரர்களின் ஆட்டத்தை ரசிகர்கள் பாராட்டினர்.

அன்றைய ஒலிம்பிக் கால்பந்தில் தொழில்முறை வீரர்களுக்கு இடமில்லை. கால்பந்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இந்தியாவிலும் இல்லை. இங்கிலாந்தில் அது இருந்தது. அர்செனல் கழகம் அவருக்கு ஓராண்டு ஒப்பந்தம் அளிக்க முன்வந்ததாகவும், படிப்பை முடிப்பதற்காக அவர் அதனை ஏற்கவில்லை என்றும் அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

மலைக்குத் திரும்பிய மருத்துவர்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1950-ல் அவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். திப்ருகர் அசாம் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றிய பின், 1953-ல் கொஹிமாவில் உள்ள நாகா மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் நாகா மலைப்பகுதி ஆயுத மோதலில் சிக்கியது. அக்கடினமான காலத்திலும் அவர் அங்கேயே பணியைத் தொடர்ந்தார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. பின்னர் அம்மாநில சுகாதாரத் துறையின் இயக்குநராக உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 அன்று தமது 80-வது வயதில் காலமானார்.

அசாமின் கலியாபோரில் ஒரு விளையாட்டரங்கம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. வடகிழக்கு மாநிலங்களின் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டியின் கோப்பைக்கும் அவரது பெயரே சூட்டப்பட்டுள்ளது. மைதானத்தில் அவர் கழித்தது சில ஆண்டுகளே. தந்தையின் விருப்பப்படி மக்களுக்கு மருத்துவம் பார்த்ததோ கால் நூற்றாண்டுக்கும் மேல்.