லாஸ் காஸாஸ் பாதிரியார்

பிச்சையிடுதல் வேறு, பறித்ததைத் திருப்பிக் கொடுத்தல் வேறு. இப்பேதத்தைக் கிறிஸ்து வேதத்தினின்றே உணர்ந்து, அதற்காகத் தம் இனத்தாரின் பகையை வலிய ஏற்றவர் ஸ்பெயின் தேசத்துப் பர்த்தலோமே தெ லாஸ் காஸாஸ். 1484-ல் ஸெவில் நகரிற் பிறந்து, 1502-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அவர், ஏனைய ஸ்பானியரைப் போலவே கியூபாவில் சுதேசிகளின் கட்டாய ஊழியத்தை மானியமாகப் பெற்று அனுபவித்தார். குருப்பட்டம் அதற்குத் தடையாகவில்லை! 1514-ல் ஒரு பிரசங்கத்துக்கென வேதம் வாசிக்கையில், ஏழையினிடம் அபகரித்ததைக் கடவுளுக்குப் படைத்தல் பாவமெனக் கண்டு மனங்கலங்கினார், மானியத்தைத் துறந்தார்.

பின்னர் ஐம்பதாண்டுகள் ஓயாத வழக்கு. அவரது முறையீட்டினால் பெரிதும் தூண்டப்பெற்று, 1542-ல், சுதேசிகளை அடிமைப்படுத்தலாகாதென்றும், மானியங்கள் வாரிசுகளுக்குச் செல்லாவென்றும் புதுச் சட்டங்கள் பிறந்தன. குடியேறியோர் கொதித்தெழவே, வாரிசு விதி 1545-ல் ரத்தாயிற்று. சட்டம் பிறப்பதும் அமலாவதும் ஒன்றல்ல என்பதை வக்கீல்களாகிய நாம் நன்கறிவோம். அரசன் பின்வாங்கியும் சியாப்பாஸ் பிஷப்பாயிருந்த லாஸ் காஸாஸ் பின்வாங்கவில்லை. அடிமைகளை விடுவித்து, கவர்ந்ததை மீட்டளிக்காத செல்வர்க்குப் பாவமன்னிப்பில்லையென விதித்தார். ஊர் திரண்டெதிர்த்தது, 1547-ல் ஸ்பெயின் திரும்பினார். 1550-ல் வல்லதோலித் நகரில், சிலர் இயற்கையிலேயே அடிமைகளென வாதித்த ஸெபூல்வேதா பண்டிதரை மறுத்துப் பல நாள் வாதாடினார். தீர்ப்பு யாதும் வழங்கப்படவில்லை.

அவரிடமும் பெருங்குற்றமுண்டு; மறைத்தல் நேர்மையன்று. சுதேசிகளின் பாரத்தைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைத் தருவிக்குமாறு ஆதியில் யோசனை கூறினார். அவர்க்கிழைத்ததும் அதே அநீதியெனப் பிற்காலத்தில் உணர்ந்து, தம் சரித்திர நூலில் தம்மையே குற்றவாளியாக்கி எழுதினார். 1566-ல் அவர் மறைந்தார். அந்நூல் அச்சேறத் தொடங்கியது 1875-ல்.