100 மைல் வேகத்தில் ஏரியில் படகு கவிழ்ந்தது! சாதனை வீரர் சில மணி நேரத்தில் சாவு

விருத்தாசலம்—

விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் கடலூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அதே தூரத்தை 23 நிமிஷத்தில் கடக்கிற வேகத்தில், ரோட்டில் அல்ல, தண்ணீரில் ஓட்டிக் காட்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவர் சர் ஹென்றி சீக்ரேவ். அந்த வேகமே அவர் உயிரைக் குடித்தது.

சீக்ரேவ் 1896-ல் அமெரிக்காவில் பிறந்தார். வளர்ந்தது அயர்லாந்தில். முதல் உலகப் போரில் குண்டடி பட்டார். அப்புறம் விமானப் படைக்குப் போனார். அங்கும் அடி! போர் முடிந்ததும் கார் பந்தயத்தில் இறங்கினார். 1927-ல் அமெரிக்காவின் டேடோனா கடற்கரை மணலில் மணிக்கு 203 மைல் ஓட்டினார். காரில் 200 மைலைத் தாண்டிய முதல் ஆள் இவர்தான்.

1929 மார்ச் 11-ந் தேதி அதே மணலில் 231 மைல். இரண்டே நாளில் லீ பைபிள் என்ற வீரர் அந்தச் சாதனையை முறியடிக்கப் போய், அங்கேயே பரிதாபமாகச் செத்தார். படம் பிடிக்க நின்றவரும் பலி. காரில் சாதனை செய்யும் வேலையை சீக்ரேவ் அத்தோடு விட்டார்.

தண்ணீருக்கு வந்தார்

மோட்டார் படகுப் பந்தயம் அப்போது புதுசு இல்லை. 1903-லேயே அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்குப் போட்டி நடந்தது. ஜெயித்த நேப்பியர் படகின் வேகம் சுமார் 19 மைல். இன்றைக்கு நம்ம ஊர் மொபெட்டே அதை முந்திவிடும்.

பிறகு அமெரிக்கர் கார் வுட் வந்தார். விமான இன்ஜின்களைப் படகில் பூட்டினார். 9 வருஷம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அவரை மயாமியில் 1929-ல் தோற்கடித்தவர் சீக்ரேவ். வுட் படகின் ஸ்டீரிங் கோளாறானதும் கைகொடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

விளக்கெண்ணெய் பணம்

அடுத்து 'மிஸ் இங்கிலாந்து 2' என்ற படகு. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜின்கள். செலவு செய்தவர் லார்ட் வேக்ஃபீல்ட். இவர் காஸ்ட்ரால் ஆயில் கம்பெனிக்காரர். அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம்ம வீட்டு விளக்கெண்ணெயில் இருந்துதான்! ஆமணக்கு எண்ணெயைக் கலந்து இன்ஜின் ஆயில் விற்றுப் பணக்காரரானவர் அவர்.

1930 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி. படகில் மூன்று பேர்: சீக்ரேவ், ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினியர் ஹாலிவெல், மெக்கானிக் வில்காக்ஸ்.

போகும்போது 96 மைல், திரும்பும்போது 101 மைல். சராசரி 98.76. உலக சாதனை! வுட்டின் 93 மைல் காலி. அத்தோடு கரையேறியிருக்கலாம். ஏறவில்லை. மூன்றாம் தடவை ஓட்டினார்கள்.

முழு வேகத்தில் படகு திடீரென்று துள்ளிக் கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்த மரக்கட்டையில் மோதியிருக்க வேண்டும் என்று பின்னால் முடிவானது. அவ்வளவு வேகத்தில் படகின் அடிப்பாகம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடும். சின்னக் கட்டைகூட எமன்தான்.

ஹாலிவெல் மூழ்கி இறந்தார். வில்காக்ஸ் கை முறிந்து பிழைத்தார். சீக்ரேவை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். நினைவு வந்ததும் அவர் முதலில் விசாரித்தது தன் ஆட்களைப் பற்றித்தான். சாதனை முறிந்த செய்தியைச் சொன்னார்கள். சில மணி நேரத்தில், நுரையீரல் காயத்தால் உயிர் பிரிந்தது. வயது 33.

ஏரிக்குள் போன படகை மேலே எடுத்து ரிப்பேர் செய்தார்கள். மறு வருஷமே கே டான் என்ற வீரர் அதே படகை இத்தாலியின் கார்டா ஏரியில் 110 மைல் வேகத்தில் ஓட்டினார்.